617 இலக்க எண்: பகு எண் என்று தெரியும், காரணிதான் தெரியாது

2024 அக்டோபரில் எண்களைப் பற்றி இரண்டு செய்திகள் அடுத்தடுத்து வந்தன. ஒன்று, இதுவரை அறியப்பட்டதிலேயே மிகப் பெரிய பகா எண் கண்டுபிடிக்கப்பட்டது என்பது. 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 என்ற அந்த எண்ணை முழுதாக எழுதினால் 4,10,24,320 இலக்கங்கள் வரும். இன்னொன்று, குவாண்டம் கணினியைக் கொண்டு ராணுவத் தரத்திலான சங்கேதப் பூட்டையே உடைத்துவிட்டார்கள் என்ற பரபரப்பு.

இரண்டையும் படித்தவருக்குக் குழப்பம் வந்திருந்தால் அது நியாயம்தான். நாலு கோடி இலக்கம் உள்ள எண்ணையே அலசி ‘இது பகா எண்’ என்று சொல்ல முடிகிறது. அப்படியிருக்க, இணையப் பாதுகாப்பைத் தாங்கி நிற்பதாகச் சொல்லப்படும் வெறும் 617 இலக்க எண்ணை ஏன் உடைக்க முடியவில்லை? உடைக்க முடியவில்லை என்றால் அந்த இரண்டாவது செய்தி எதைச் சொல்கிறது?

ஓர் எண் பகு எண்ணா என்பது ஒரு கேள்வி. அதன் காரணிகள் எவை என்பது வேறொரு கேள்வி. பள்ளியில் இரண்டையும் ஒரே பாடத்தில், ஒரே மூச்சில் சொல்லிக்கொடுத்துவிடுவதால் இரண்டும் ஒன்றுதான் என்ற எண்ணம் தங்கிவிடுகிறது.

## பாடப் புத்தகம் சொல்லும் வழி

1ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் எண் பகா எண்: 2, 3, 5, 7, 11, 13 என்று போகும். வேறு எண்ணாலும் வகுபட்டால் பகு எண். இலங்கைப் பாடநூல்களில் இவற்றை முதன்மை எண், சேர்த்தி எண் என்பார்கள். எந்தப் பகு எண்ணையும் பகா எண்களின் பெருக்கலாக ஒரே ஒரு விதத்தில்தான் பிரிக்க முடியும். 91 என்றால் 7 × 13. வேறு பிரிப்பு கிடையாது.

சரி, 91 பகு எண் என்று எப்படிக் கண்டுபிடித்தோம்? 2ஆல் வகுத்துப் பார்த்தோம், போகவில்லை. 3, 5, போகவில்லை. 7 போனது. ஓர் எண்ணின் வர்க்கமூலம் வரை இப்படிப் பார்த்தால் போதும், அதற்கு மேல் தேவையில்லை. 91க்கு 9 வரை பார்த்தால் முடிந்தது.

617 இலக்க எண்ணுக்கு இந்த வழி என்ன ஆகும்? வர்க்கமூலமே 309 இலக்கம். அதற்குக் கீழே உள்ள பகா எண்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 1க்குப் பின் 305 சைபர்கள். கண்ணுக்கு எட்டும் பிரபஞ்சம் முழுவதிலும் உள்ள அணுக்களை எண்ணினால் 1க்குப் பின் 80 சைபர் அளவுதான் என்று மதிப்பிடுகிறார்கள். எத்தனை வேகமான கணினியாக இருந்தாலும் இந்தக் கணக்குக்கு முன்னால் ஒன்றுதான்.

எனவே வேறு வழி வேண்டும்.

## காரணியே தெரியாமல் ‘பகு எண்’ என்று சொல்வது

17ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா ஒரு விதியைச் சொன்னார். ஒரு பகா எண்ணை எடுங்கள். அதன் மடங்காக இல்லாத எந்த எண்ணையும், அந்தப் பகா எண்ணுக்கு ஒன்று குறைவான அடுக்குக்கு உயர்த்தி, அதே பகா எண்ணால் வகுத்தால் மீதி 1 வரும். 7ஐ வைத்துப் பார்க்கலாம்: 2⁶ = 64; 64ஐ 7ஆல் வகுத்தால் மீதி 1.

இதைத் திருப்பிப் போட்டால்தான் விஷயம். மீதி 1 வராவிட்டால் அது பகா எண்ணாக இருக்கவே முடியாது. 91ஐ இந்தச் சோதனைக்கு உட்படுத்தலாம்:

1. வேண்டியது 2⁹⁰ஐ 91ஆல் வகுத்தால் வரும் மீதி.
2. 2¹² = 4096. அது 45 × 91 + 1. ஆக மீதி 1.
3. 90 = 7 × 12 + 6. பன்னிரண்டு பன்னிரண்டாகப் போகும் பகுதி எல்லாம் 1 ஆகிவிடும். மிச்சம் 2⁶ = 64.
4. மீதி 64, 1 இல்லை. ஆகவே 91 பகு எண்.

இந்த நான்கு வரியில் 91ஐ 7ஆலோ 13ஆலோ வகுக்கவே இல்லை (மூன்றாம் வரியில் வரும் 7, எத்தனை பன்னிரண்டு என்ற எண்ணிக்கைதான்). காரணியைப் பற்றி ஒரு தகவல்கூடக் கிடைக்கவில்லை. ஆனால் 91 பகு எண் என்பது சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணமாகிவிட்டது. பிரேதப் பரிசோதனையில் இது இயற்கை மரணம் இல்லை என்று உறுதியாகச் சொல்லிவிட்டு, செய்தவர் யார் என்பதைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பதைப் போல.

இதன் அழகு, எண் பெரிதானாலும் வேலை பெரிதாக ஏறாது என்பதில் இருக்கிறது. அடுக்கை ஒவ்வொன்றாகப் பெருக்க வேண்டியதில்லை. வர்க்கப்படுத்தி மீதி எடுத்து, அந்த மீதியை மறுபடி வர்க்கப்படுத்தி மீதி எடுத்துக்கொண்டே போகலாம். 617 இலக்க எண்ணுக்கு இப்படிச் சுமார் 2,048 முறை வர்க்கப்படுத்தினால் முடிந்தது. கையில் உள்ள போன் கண்ணிமைக்கும் நேரத்தில் செய்துவிடும்.

## பொய் சாட்சிகளும் ஒரு டாக்ஸி எண்ணும்

இந்தச் சோதனையில் ஓர் ஓட்டை உண்டு. 2க்குப் பதில் 3ஐ எடுத்திருந்தால்? 3⁶ = 729 = 8 × 91 + 1. மீதி 1. 90 என்பது 6இன் மடங்கு என்பதால் 3⁹⁰க்கும் மீதி 1தான் வரும். அதாவது 3 என்ற சாட்சி, 91 பகா எண்தான் என்று பொய் சொல்லிவிட்டுப் போகிறது. பரவாயில்லை, இன்னொரு சாட்சியை விசாரித்தால் உண்மை வெளிவரும் என்று நினைப்போம். சில எண்களிடம் அதுவும் எடுபடாது.

ராமானுஜனைப் பார்க்க ஹார்டி வந்த டாக்ஸியின் எண்ணான 1729 நினைவிருக்கிறதா? இரண்டு கன எண்களின் கூட்டலாக இரு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் என்று ராமானுஜன் அதற்குப் புகழ் சேர்த்தார். அதே எண்ணுக்கு இன்னொரு குணமும் உண்டு. 1729 = 7 × 13 × 19. இந்த மூன்று பகா எண்களிலும் ஒன்றைக் கழித்தால் 6, 12, 18. மூன்றுமே 1728ஐ மீதியின்றி வகுக்கும். விளைவு, 1729உடன் பொதுக் காரணி இல்லாத எந்த எண்ணைச் சாட்சியாக அழைத்தாலும் ‘பகா எண்தான்’ என்றே சொல்லும். இவற்றுக்குக் கார்மைக்கேல் எண்கள் என்று பெயர். முதலாவது 561, அடுத்து 1105, மூன்றாவது 1729. இவை முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கும் என்பது 1994இல் நிரூபிக்கப்பட்டது.

இந்த ஓட்டையை அடைத்தது மில்லர்–ராபின் சோதனை. வர்க்கப்படுத்திக்கொண்டே போகும்போது இடையில் வரும் மீதிகளையும் அது கவனிக்கும். பகு எண் ஒன்றிடம், குத்துமதிப்பாக எடுத்த ஒரு சாட்சி ஏமாந்துபோக அதிகபட்ச வாய்ப்பு நான்கில் ஒன்று. நாற்பது சாட்சிகளை விசாரித்தால் அத்தனையும் ஏமாறும் வாய்ப்பு, 1க்குப் பின் 24 சைபர் போட்ட எண்ணில் ஒரு பங்குக்கும் குறைவு. நடைமுறையில் மென்பொருள்கள் நம்பியிருப்பது இந்த வகைச் சோதனைகளைத்தான்.

வாய்ப்பு, சாட்சி என்ற பேச்சே இல்லாமல், ஆம் அல்லது இல்லை என்று அறுதியாகவும், எண்ணின் நீளத்துக்கு ஏற்ற நியாயமான நேரத்திலும் சொல்ல ஒரு வழி இருக்கிறதா என்ற கேள்வி நெடுநாள் திறந்தே கிடந்தது. 2002 ஆகஸ்டில் ஐஐடி கான்பூரில் மணீந்திர அகர்வாலும் அவரது மாணவர்கள் நீரஜ் கயல், நிதின் சக்சேனா இருவரும் அதைத் தீர்த்து உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தார்கள். அப்போதும் சிலர் ‘இனி இணையப் பூட்டுகள் அவ்வளவுதான்’ என்று எழுதினார்கள். பூட்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் விடை கண்டது முதல் கேள்விக்கு. பூட்டு நம்பியிருப்பது இரண்டாவது கேள்வியை.

## பகு எண்தான், ஆனால் காரணி?

இரண்டு கேள்விகளுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதற்குச் சரித்திரத்திலேயே உதாரணங்கள் இருக்கின்றன.

2⁶⁷ − 1 என்ற 21 இலக்க எண்ணைப் பகா எண் என்று 1644இல் பிரெஞ்சு அறிஞர் மெர்சென் பட்டியலிட்டார். 1876இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் லூக்கா அது பகு எண் என்று நிரூபித்தார். ஆனால் ஒரு காரணியையும் அவரால் காட்ட முடியவில்லை. அதற்கு இன்னும் 27 ஆண்டுகள் ஆயின. 1903 அக்டோபரில் நியூயார்க்கில் நடந்த அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் கோல் என்பவர் அதை உடைத்துக் காட்டினார்:

193707721 × 761838257287 = 147573952589676412927

கரும்பலகையில் ஒரு வார்த்தை பேசாமல் இந்தப் பெருக்கலைப் போட்டுவிட்டு அவர் உட்கார்ந்துவிட்டார், அரங்கமே எழுந்து கைதட்டியது, மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் இதற்குப் போயின என்றெல்லாம் கதை உண்டு. கதையில் எவ்வளவு கலப்போ, கணக்கு சுத்தம். கண்டுபிடிக்க ஆண்டுகள், சரிபார்க்க ஒரு பெருக்கல்.

இன்றும் அப்படிக் கிடக்கும் எண்கள் உண்டு. 2¹⁰⁴⁸⁵⁷⁶ + 1 என்பதில் 3,15,653 இலக்கங்கள். அது பகு எண் என்று 1980களிலேயே காட்டிவிட்டார்கள். 2¹⁶⁷⁷⁷²¹⁶ + 1 என்பதில் 50,50,446 இலக்கங்கள். அதுவும் பகு எண் என்று 1999இல் தெரிந்தது. இரண்டுக்கும் இன்றுவரை ஒரே ஒரு காரணிகூடத் தெரியாது. இவை ஃபெர்மாவின் பெயரைத் தாங்கிய எண்வரிசையில் வருபவை. அந்த வரிசையில் எல்லாமே பகா எண்கள் என்று அவர் நம்பினார். அதே வரிசையில் வரும் 4294967297 (2³² + 1) என்பது 641ஆல் வகுபடும் என்று 1732இல் ஆய்லர் காட்டியதும் அந்த நம்பிக்கை சரிந்தது.

## பெரிய எண் எல்லாம் கடினமா?

இல்லை. இங்கேதான் பல விளக்கங்கள் சறுக்குகின்றன. 1க்குப் பின் 616 சைபர் போட்டாலும் 617 இலக்கம்தான். அதன் காரணிகளைச் சொல்ல யோசிக்கவே வேண்டாம்: 2ம் 5ம், ஒவ்வொன்றும் 616 முறை.

கண்ணை மூடிக்கொண்டு ஒரு 617 இலக்க எண்ணை எழுதினாலும், நூற்றுக்குச் சுமார் 88 எண்கள் 100க்குள் இருக்கும் ஏதோ ஒரு பகா எண்ணிடம் மாட்டிக்கொள்ளும். பாதி எண்கள் 2இடமே விழுந்துவிடும். அதாவது சாதாரணப் பெரிய எண்ணில் கொஞ்சம் காரணியை உரித்தெடுப்பது சுலபம். முழுதாக உரிப்பதுதான் கடினம்.

கடினமான எண் வேண்டுமென்றால் அதை அதற்கென்றே செய்ய வேண்டும். ஏறத்தாழ ஒரே நீளமுள்ள இரண்டு பெரிய பகா எண்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்துப் பெருக்கினால் அது கிடைக்கும். சிறு காரணி கிடையாது, உருவத்தில் ஒரு சீர்மை கிடையாது, பிடித்துக்கொள்ள ஒரு விளிம்பு கிடையாது. புளியைக் கரைத்துக் குழம்பில் ஊற்றியபின் திரும்ப உருட்டி எடுக்கச் சொன்ன கதை.

அப்படிச் செய்யத் தேவையான பகா எண்கள் கிடைப்பது அரிதா என்றால் அதுவும் இல்லை. 309 இலக்க அளவில் ஏறத்தாழ 710 எண்களுக்கு ஒன்று பகா எண். இரட்டை எண்களைத் தள்ளிவிட்டால் 355க்கு ஒன்று. சோதனை செய்வதோ சுலபம் என்று மேலே பார்த்தோம். ஆகவே கணினி ஒரு வினாடிக்குள் இரண்டு பகா எண்களைப் பிடித்துப் பெருக்கிவிடும். முதல் கேள்வி சுலபமாக இருப்பதால்தான் இரண்டாவது கேள்வியின் கடினத்தை நாம் பயன்படுத்திக்கொள்ள முடிகிறது.

## ஆர்எஸ்ஏ-2048 என்ற எண்

1977இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் இந்த ஏற்றத்தாழ்வை ஒரு பூட்டாக்கினார்கள். மூவர் பெயரின் முதலெழுத்துகளே ஆர்எஸ்ஏ. அதன் உள்வேலையை நம் பழைய 91ஐ வைத்தே பார்த்துவிடலாம்.

1. இரண்டு பகா எண்கள்: 7, 13. பெருக்கினால் 91. இது ஊருக்கே தெரியலாம்.
2. ஒன்று குறைத்துப் பெருக்கினால் 6 × 12 = 72. இது ரகசியம்.
3. பூட்டும் அடுக்காக 5ஐ அறிவிக்கிறோம். இதுவும் ஊருக்குத் தெரியலாம்.
4. திறக்கும் அடுக்கு 29. காரணம், 5 × 29 = 145 = 2 × 72 + 1. இது ரகசியம்.
5. அனுப்ப வேண்டிய செய்தி 10 என்று வைத்துக்கொள்வோம். 10⁵ = 1,00,000; 91ஆல் வகுத்தால் மீதி 82. இதைத்தான் அனுப்புகிறோம்.
6. பெறுபவர் 82²⁹ஐ 91ஆல் வகுத்து மீதி எடுக்கிறார். 10 திரும்பி வந்துவிடுகிறது.

ஆறாவது படியைக் கையாலேயே சரிபார்க்கலாம். 91 கணக்கில் 82ம் −9ம் ஒன்றே. 9³ = 729க்கு மீதி 1. எனவே 9²⁹ என்பது 9² = 81 ஆகச் சுருங்கும். 29 ஒற்றை எண் என்பதால் குறி −81. அதோடு 91ஐக் கூட்டினால் 10.

நடுவில் ஒட்டுக்கேட்பவரிடம் 91, 5, 82 மூன்றும் இருக்கின்றன. 29ஐப் பிடிக்க அவருக்கு 72 வேண்டும். 72க்கு 7ம் 13ம் வேண்டும். 91க்குப் பதில் 617 இலக்க எண்ணை வைத்தால் அவர் அங்கேயே நின்றுவிடுவார்.

அந்த அளவில் ஒரு மாதிரி எண்தான் ஆர்எஸ்ஏ-2048. அந்த மூவர் தொடங்கிய நிறுவனம் சவாலாக வெளியிட்ட எண்களில் மிகப் பெரியது இது. உடைப்பவருக்கு 2 லட்சம் டாலர் என்று அறிவித்திருந்தார்கள். 25195908 என்று தொடங்கும் இந்த எண்ணை நான்கு எஸ்எம்எஸ்ஸுக்குள் அனுப்பிவிடலாம். காரணிகள் இருந்த ஹார்ட் டிஸ்க்கை அழித்துவிட்டதாக நிறுவனம் சொன்னது. 2007இல் போட்டியையே மூடிவிட்டார்கள். எண் இன்னும் உடையவில்லை. இன்று இணையதளங்களின் சான்றிதழ்களில் இதே 2,048 பிட் அளவுள்ள (0, 1 மட்டும் கொண்டு எழுதினால் 2,048 இலக்கம் வரும்) எண்கள் ஏராளமாகப் புழக்கத்தில் உள்ளன.

இந்தப் பெயர்களில் ஒரு குழப்படியையும் சொல்லிவிட வேண்டும். பழைய சவால் எண்களில் பெயருக்குப் பின் வரும் எண் தசம இலக்கத்தைக் குறிக்கும்; பிந்தியவற்றில் பிட்டைக் குறிக்கும். ஆகவே ஆர்எஸ்ஏ-250 (250 இலக்கம், 829 பிட்) ஆர்எஸ்ஏ-768ஐவிட (232 இலக்கம்) பெரியது. செய்தி எழுதுபவர்கள் இதில் தடுக்கி விழுவது வழக்கம்.

## உடைப்பவர்கள் என்ன செய்கிறார்கள்?

ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துப் பார்ப்பதில்லை. ஒரே மீதி தரும் இரண்டு வர்க்கங்களைத் தேடுகிறார்கள். 1817 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். அதன் வர்க்கமூலம் 42.6. அதற்கு மேலே உள்ள எண்களின் வர்க்கத்திலிருந்து 1817ஐக் கழிப்போம்:

43²: 1849 − 1817 = 32 = 2⁵
44²: 1936 − 1817 = 119 = 7 × 17
45²: 2025 − 1817 = 208 = 2⁴ × 13
46²: 2116 − 1817 = 299 = 13 × 23
47²: 2209 − 1817 = 392 = 2³ × 7²

முதல் வரியையும் கடைசி வரியையும் பெருக்கிப் பாருங்கள். 32 × 392 = 2⁸ × 7² = 112². முழு வர்க்கம் விழுந்துவிட்டது. இடப்பக்கம் 43 × 47 = 2021; 1817ஆல் வகுத்தால் மீதி 204. ஆக, 204² − 112² என்பது 1817ஆல் வகுபட்டே ஆக வேண்டும். அதை (204 − 112) × (204 + 112) = 92 × 316 என்று பிரிக்கலாம். 92க்கும் 1817க்கும் மீப்பெரு பொதுக் காரணி 23. 316க்கும் 1817க்கும் 79. 23 × 79 = 1817. முடிந்தது. (நான்காவது வரியில் 23 தானாகவே எட்டிப் பார்ப்பது எண் சிறியது என்பதால். பெரிய எண்ணில் அந்த அதிர்ஷ்டம் கிடைக்காது.)

பெரிய எண்ணிலும் இதே உத்திதான். ஐந்து வரிக்குப் பதில் கோடிக்கணக்கான வரிகளைச் சலித்து, எந்தெந்த வரிகளைப் பெருக்கினால் முழு வர்க்கம் கிடைக்கும் என்று ஒரு ராட்சத அணியை (எண்களின் கட்டத்தை) வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். சல்லடை என்றே இந்த முறைகளுக்குப் பெயர்.

1977இல் சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் 129 இலக்க எண் ஒன்றை வெளியிட்டு, உடைப்பவருக்கு 100 டாலர் என்றார்கள். அன்றைய மதிப்பீடு 40 குவாட்ரில்லியன் ஆண்டுகள், அதாவது 4க்குப் பின் 16 சைபர். 1994 ஏப்ரலில் அது உடைந்தது. சுமார் 600 தன்னார்வலர்கள் உலகெங்கும் தங்கள் கணினிகளில் சலித்த வரிகளை மின்னஞ்சலில் அனுப்ப, எட்டே மாதத்தில் வேலை முடிந்தது. கணினி வேகமானது ஒரு காரணம். சல்லடை முறை அதன்பிறகு கண்டுபிடிக்கப்பட்டது பெரிய காரணம். ‘இத்தனை கோடி ஆண்டு ஆகும்’ என்ற வாக்கியத்தை இன்றைக்குத் தெரிந்த முறைப்படி என்ற பின்குறிப்போடுதான் படிக்க வேண்டும். காரணி காண்பது கடினம் என்று இதுவரை யாரும் நிரூபித்ததில்லை. பலரும் முயன்று தோற்றதால் நம்புகிறோம், அவ்வளவுதான்.

2020 பிப்ரவரியில் ஆர்எஸ்ஏ-250 உடைந்தது. கணினிச் சில்லில் உள்ள ஒரே ஒரு கோர் (செயலி) மட்டும் வேலை செய்திருந்தால் சுமார் 2,700 ஆண்டுகள் ஆகியிருக்கும். 829 பிட்டுக்கே இந்தப் பாடு. 2,048 என்பது அதன் இரண்டரை மடங்கு நீளம் என்பதால் இரண்டரை மடங்கு வேலை என்று எண்ணிவிடக் கூடாது. வேலை பல கோடி மடங்காக ஏறிவிடும்.

## காரணி காணாமலே விழும் பூட்டு

ஆனால் எண் எவ்வளவு கடினமாக இருந்தாலும் அதைச் செய்தவர் அசட்டையாக இருந்தால் பயனில்லை. 1817க்குப் பக்கத்தில் இன்னொருவரின் எண் 2047 என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியாக இரண்டையும் உடைக்க மெனக்கெட வேண்டும். சேர்த்து வைத்தால்?

2047 − 1817 = 230
1817ஐ 230ஆல் வகுத்தால் மீதி 207
230ஐ 207ஆல் வகுத்தால் மீதி 23
207ஐ 23ஆல் வகுத்தால் மீதி 0

பொதுக் காரணி 23. இரண்டு பூட்டும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டன. யூக்ளிட் காலத்து வழி இது. 617 இலக்க எண்களுக்கும் நொடியில் முடியும்.

2012இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் இணையத்தில் வெளிப்படையாகக் கிடைக்கும் லட்சக்கணக்கான ஆர்எஸ்ஏ எண்களைத் திரட்டி, ஒன்றோடொன்று இப்படிப் பொதுக் காரணி பார்த்தன. ஆயிரக்கணக்கான எண்கள் உடைந்து கையில் வந்தன. ரௌட்டர் போன்ற சிறு கருவிகள் மின்சாரம் வந்த உடனேயே பகா எண்ணைத் தேர்ந்தெடுத்ததுதான் முக்கியக் காரணம். அந்த நேரத்தில் குலுக்கலுக்குப் போதிய ‘குலுக்கல்’ அவற்றிடம் இல்லை. வெவ்வேறு கருவிகள் ஒரே பகா எண்ணை எடுத்துவிட்டன. என் பார்வையில், குவாண்டம் பயத்தைவிட அன்றாடத்தில் அதிகம் சேதம் செய்யக்கூடியது இந்த வகைக் கோளாறுதான். தலைப்புச் செய்தியாவது மட்டும் அரிது.

## சரி, குவாண்டம் கணினி?

129 இலக்க எண் உடைந்த அதே 1994இல் பீட்டர் ஷோர் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் வேறொரு கதவைத் திறந்தார். மறுபடியும் 91. இரண்டின் அடுக்குகளை 91ஆல் வகுத்து மீதிகளை வரிசையாக எழுதுவோம்:

2, 4, 8, 16, 32, 64, 37, 74, 57, 23, 46, 1

பன்னிரண்டாவது இடத்தில் 1 வந்துவிட்டது. அடுத்து மறுபடி 2, 4, 8 என்று அதே சுற்று. சுற்றின் நீளம் 12, பாதி 6. 2⁶ = 64. அதற்கு ஒன்று குறைவு 63, ஒன்று கூட 65. 63க்கும் 91க்கும் பொதுக் காரணி 7. 65க்கும் 91க்கும் 13.

சுற்றின் நீளம் தெரிந்தால் காரணி கையில். (சில தொடக்க எண்களுக்கு நீளம் ஒற்றைப்படையாக வந்து காலை வாரும், வேறு எண்ணை எடுத்துக்கொள்ளலாம்.) 617 இலக்க எண்ணுக்கோ அந்தச் சுற்றின் நீளமே நூற்றுக்கணக்கான இலக்கம் கொண்டதாக இருக்கும். சாதாரணக் கணினி நடந்து நடந்து சுற்றி முடிக்கவே முடியாது. குவாண்டம் கணினியால் சுற்று முழுவதையும் நடக்காமல் அதன் நீளத்தை மட்டும் பிடிக்க முடியும் என்று ஷோர் காட்டினார்.

கணக்கு சரி, கருவி எங்கே என்பதுதான் கேள்வி. 2001இல் இப்படி உடைத்துக் காட்டப்பட்ட எண் 15. ஆர்எஸ்ஏ-2048 அளவை உடைக்க 2 கோடி குவாண்டம் பிட்டும் (அந்தக் கணினியின் அடிப்படை அலகு) 8 மணி நேரமும் வேண்டும் என்று 2019இல் ஒரு மதிப்பீடு வந்தது. 2025 மே மாதம் கூகுள் ஆய்வாளர் கிட்னி அதைப் பத்து லட்சத்துக்கும் கீழே கொண்டுவந்தார், நேரம் ஒரு வாரத்துக்குள். 2023 இறுதியில் ஐபிஎம் அறிவித்த கருவியில் இருந்தவை 1,121 குவாண்டம் பிட். அவையும் பிழை திருத்தம் இல்லாதவை.

இடைவெளி பெரிதுதான், ஆனால் இரு பக்கமிருந்தும் குறைகிறது. இன்று பூட்டி அனுப்பும் தரவை ஒருவர் அப்படியே சேமித்து வைத்து, பத்து வருடம் கழித்துத் திறந்து பார்க்கலாம் என்ற கவலையும் உண்டு. அதனால்தான் அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட், காரணி காண்பதை நம்பாத புதிய பூட்டு முறைகளை 2024 ஆகஸ்டில் தரமாக வெளியிட்டது. 2,048 பிட் ஆர்எஸ்ஏவை 2030க்குப் பின் படிப்படியாகக் கைவிட்டு, 2035க்குப் பின் அனுமதிக்காமல் விடலாம் என்று அதன் வரைவு ஒன்று சொல்கிறது.

## அந்த அக்டோபர் செய்தி

இனி ‘ராணுவத் தரப் பூட்டு உடைந்தது’ என்ற செய்திக்குத் திரும்பலாம். இதுபோன்ற எதைப் பார்த்தாலும் கேட்க வேண்டியவை:

1. எத்தனை பிட்? அந்த ஆய்வில் உடைக்கப்பட்ட எண் 22 பிட். 22 பிட் எண்ணின் வர்க்கமூலம் 2,048ஐத் தாண்டாது. அதற்குள் இருக்கும் பகா எண்கள் மொத்தம் 309. ஒரு கால்குலேட்டரும் ஒரு மதிய வேளையும் போதும்.
2. எண் எப்படிப்பட்டது? இரண்டு காரணிகளும் வேண்டுமென்றே அருகருகே தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தாலோ, விடை முன்பே தெரிந்து கருவி அதற்கேற்ப அமைக்கப்பட்டிருந்தாலோ அந்தச் சாதனைக்கு மதிப்பு குறைவு.
3. காரணிகளை வெளியிட்டார்களா? ஆர்எஸ்ஏ-2048ஐ உடைத்ததாகச் சொல்பவர் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டியதே இல்லை. ஏறத்தாழ 309 இலக்கத்தில் ஓர் எண்ணை ஒரு தாளில் எழுதிக் காட்டினால் போதும். வகுத்துப் பார்க்க ஒரு போன் இருந்தால் யாரும் சரிபார்த்துவிடலாம். இதுவரை அந்தத் தாளை யாரும் காட்டவில்லை.